பாப்பா எடை 12

1-1-62, திங்கள்

புது வருஷம். இந்த டைரி எங்கள் வெல்ல மண்டிக்கு ஓர் உரக் கம்பெனிக்காரர் கொடுத்தது. போன மாதம் என் வீட்டுக்காரர் பார்க்க வந்தபோது கொண்டுவந்து கொடுத்தார். அதிகம் பேசினால் நெஞ்சு களைத்துப்போகும், பேச நினைப்பதை எழுதி வை என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். எழுத என்ன இருக்கிறதென்று தெரியவில்லை.

முதல் பக்கத்தில் பெயர், விலாசம், உயரம், எடை என்று கோடு போட்டு இடம் விட்டிருக்கிறார்கள். பெயர்: ராமாத்தாள். விலாசத்துக்கு மண்டியின் விலாசத்தை எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டு, சானடோரியம், பெண்கள் வார்டு, ஆறாம் கட்டில் என்று எழுதினேன். அக்டோபரில் காசநோய் என்று சேர்த்ததில் இருந்து அதுதான் விலாசம்.

எடை: 88 ராத்தல். இன்று காலை போட்டது. 100 ராத்தல் ஏறி, மூன்று தடவை சளியில் கிருமி இல்லையென்று வந்தால் வீட்டுக்கு அனுப்புவார்கள். இன்னும் பன்னிரண்டு ராத்தல்.

எட்டாம் வகுப்பு வரை படித்தவள் என்பதால் திங்கட்கிழமை எடை போடும் வேலையை சிஸ்டர் எஸ்தர் என்னிடம் கொடுத்திருக்கிறார். இருபத்திரண்டு பேர். ஏறுகிறவர்கள் பிழைப்பார்கள், இறங்குகிறவர்கள் பிழைப்பது கஷ்டம். இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எல்லோருக்கும் தெரியும்.

3-1-62, புதன்

புதுத் தராசு வந்தது. கிலோ காட்டுமாம். பழையதை வராந்தா மூலைக்குத் தள்ளிவிட்டார்கள்.

8-1-62, திங்கள்

இன்றைக்கு வார்டில் ஒரே அழுகை. போன வாரம் 88 இருந்தவள் இன்றைக்கு 40. 94 இருந்தவள் 42.6. மூன்றாம் கட்டில்காரி தராசில் இருந்து இறங்கி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பாதி போயிருச்சே, பாதி போயிருச்சே" என்று மாரில் அடித்துக்கொண்டாள்.

"உங்க எடை குறையலம்மா, கல்லுதான் மாறியிருக்கு" என்று சிஸ்டர் எஸ்தர் ஒவ்வொரு கட்டிலாகப் போய்ச் சொன்னார். யாரும் நம்பவில்லை. கடைசியில் நான்தான் வழி கண்டுபிடித்தேன். இவர்களெல்லாம் சந்தைக்குப் போகிறவர்கள். வீசைக் கணக்கு தெரியும். ஒரு வீசை என்பது ஒரு கிலோ நானூறு கிராம். ஒவ்வொருவர் எடையையும் வகுத்து வீசையில் சொன்னேன். அடங்கினார்கள். எடை அதே எடைதான். வீசையில் சொன்னால் எண் சிறியது, கிலோவில் சொன்னால் பெரியது, ராத்தலில் சொன்னால் இன்னும் பெரியது.

நான்: 40 கிலோ. இருபத்தெட்டரை வீசை. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று மாமனார் என்னை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "முப்பத்தஞ்சு வீசை இருக்கும்" என்றாராம். கல்யாணம் முடிந்து மண்டித் தராசில் ஏற்றிப் பார்த்தால் சரியாக முப்பத்தைந்து. எங்கள் வீட்டில் ஆளுக்கு முகம் பார்ப்பதற்கு முன் எடை பார்ப்பார்கள்.

இனி 100 ராத்தலுக்குப் பதில் 45 கிலோ இருந்தால் போதும் என்று அட்டையில் போட்டிருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 99 ராத்தல்தான் வருகிறது. ஒரு ராத்தல் தள்ளுபடி.

ஏழாம் கட்டில் மாராத்தாள்: 35.6 கிலோ. "ஏனம்மிணி, ஏறிச்சா, எறங்கிச்சா? அத மட்டும் சொல்லு" என்றாள். கடலை உடைக்கிற மில்லில் கூலிக்குப் போனவள். நாற்பது வயதுதான் இருக்கும், பார்த்தால் அறுபது. வீசையில் சொன்னேன். இருபத்தஞ்சரை.

10-1-62, புதன்

அவரிடமிருந்து கடிதம். அத்தை சௌக்கியம், மண்டியில் வரத்து அதிகம், கறவை கன்று போட்டிருக்கிறது. கடைசி வரி: "பாப்பா எடை 10 வீசை."

குழந்தைகளை இங்கே உள்ளே விட மாட்டார்கள். அதனால் போன தடவை வந்தபோது அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். மாதாமாதம் பாப்பாவை மண்டித் தராசில் உட்காரவைத்து எடை எழுதி அனுப்ப வேண்டும். முகத்தைத்தான் பார்க்க முடியாது, வளர்கிறாளா என்றாவது தெரிய வேண்டும். நான்கு வயது. பெயர் கமலவேணி, யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. வெல்லம் வைக்கிற தட்டில் சம்மணம் போட்டு உட்காருவாள். நிறுத்து முடித்ததும் கையை நீட்டுவாள், ஒரு துண்டு வெல்லம் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் இறங்க மாட்டாள்.

10 வீசை என்றால் 14 கிலோ. அட்டையின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். நான்கு வயதுக்கு நல்ல எடை என்றார் சிஸ்டர்.

22-1-62, திங்கள்

நான் 40.3.

மாராத்தாள் 35. இறங்கியிருக்கிறாள். வீசையில் சொன்னால் இருபத்தைந்து. இரண்டு வாரத்துக்கு முன் இருபத்தைந்தரை என்று சொல்லியிருக்கிறேன், அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். தராசில் நின்றபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முப்பத்தஞ்சு" என்றேன்.

"ஆத்தாடி! பத்து ஏறிப்போச்சா?"

அட்டையில் குனிந்து எழுதினேன். நான் பொய் சொல்லவில்லை. தராசு காட்டியதைத்தான் சொன்னேன்.

மத்தியானம் அவள் தட்டில் போட்ட சோறு முழுவதையும் சாப்பிட்டாள். வந்த நாள் முதல் இப்படிச் சாப்பிட்டுப் பார்த்ததில்லை என்று சிஸ்டர் சந்தோஷப்பட்டார்.

29-1-62, திங்கள்

நான் 40.6. மாராத்தாள் 34.7. "அதேதான்" என்றேன்.

4-2-62, ஞாயிறு

மாதத்தின் முதல் ஞாயிறு. பார்க்க வருகிறவர்களை வேப்பமரத்தடி பெஞ்சில் உட்காரவைப்பார்கள். நாங்கள் எதிர்ப் பெஞ்சில். நடுவில் நான்கு முழ இடைவெளி.

அவர் வந்தார். பாப்பா 10¼ வீசை என்றார். மெலிந்தா இருக்கிறாள், கொழுத்தா இருக்கிறாள் என்று கேட்டேன். "கொழந்தைக இருக்கற மாதிரிதான் இருக்குது" என்றார். அவருக்கு அவ்வளவுதான் சொல்லத் தெரியும்.

மாராத்தாளுக்கு மகன் ராக்கியப்பன் வந்திருந்தான். தாராபுரத்துப் பக்கம் கிணறு வெட்டுகிறான். பக்கத்துப் பெஞ்சில் அவள் அவனிடம் சொன்னது காதில் விழுந்தது. "பத்து ஏறியிருக்குது கண்ணு. இந்தப் புள்ளதான் எடை போடுது, கேட்டுப் பாரு. நீ சும்மா சும்மா வேலையக் கெடுத்துக்கிட்டு வராத. சித்திரைல வா, கூட்டிட்டுப் போயிருவ."

அவன் என்னைப் பார்த்தான். "அப்படிங்களாக்கா?" என்றான்.

"நல்லாச் சாப்பிடறாங்க" என்றேன். அதுவும் பொய் இல்லை.

19-2-62, திங்கள்

நான் 40.9. ஊசி போட்ட இடம் கட்டிக்கொண்டு உட்கார முடியவில்லை. தலையில் பேன். மண்ணெண்ணெய் வைத்துச் சீவினார்கள்.

மாராத்தாள் 33.8.

4-3-62, ஞாயிறு

அவர் வரவில்லை. மண்டியில் வேலை என்று கார்டு. பாப்பா எடை எழுதவில்லை.

ராக்கியப்பனும் வரவில்லை. வரவேண்டாம் என்றுதானே சொல்லியிருந்தாள். ஆனாலும் நான்கு மணி மணியடிக்கும் வரை ஜன்னலைப் பார்த்தே படுத்திருந்தாள்.

11-3-62, ஞாயிறு

காலையில் காப்பி கொடுக்கும்போது மாராத்தாள் செத்துப்போயிருந்தாள். தந்தி கொடுத்தார்கள். ராக்கியப்பன் சாயங்காலம் வந்தான். வேட்டியில் கிணற்று மண் அப்படியே இருந்தது.

"ஏறிக்கிட்டுத்தான வந்துச்சு? ஏறிக்கிட்டுத்தான வந்துச்சு?" என்று சிஸ்டரிடம் கேட்டுக்கொண்டே இருந்தான். சிஸ்டருக்குப் புரியவில்லை. நான் எடை அட்டைகளைக் கட்டில் எண்படி அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுக்கி முடித்ததும் மறுபடி கலைத்து அடுக்கினேன்.

மெத்தையை வெயிலில் போட்டார்கள். துணிகள் வெந்நீருக்குப் போயின.

12-3-62, திங்கள்

இருபத்தோரு பேர். நான் 41.3.

1-4-62, ஞாயிறு

அவர் வரவில்லை. கார்டும் இல்லை.

9-4-62, திங்கள்

நான் 42.4. முதல் சளி சோதனையில் கிருமி இல்லை என்று வந்துவிட்டது. பெரிய டாக்டர் தட்டிக்கொடுத்தார்.

இன்றைக்கே கடிதமும் வந்தது. வேலை அதிகமாம், வர முடியவில்லையாம். அத்தைக்கு முழங்கால் வலி. கன்றை உழவர் யாரோ விலைக்குக் கேட்கிறாராம். கடைசியில்: "பாப்பா எடை 12."

10¼ வீசையில் இருந்து 12. வகுத்தல் பெருக்கல் எல்லாம் போட்டேன். 16 கிலோ 800. இரண்டு மாதத்தில் இரண்டரைக் கிலோ ஏறியிருக்கிறாள். தாய் இல்லாத பிள்ளை இப்படி ஏறுவதென்றால் அத்தை எவ்வளவு பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. பட்டேன் என்று எழுதிக்கொள்கிறேன். உள்ளே ஒன்றும் அசையவில்லை. இந்த ஊசி அப்படி ஆக்கிவிடும் என்று பக்கத்துக் கட்டில்காரி சொல்கிறாள்.

10-4-62, செவ்வாய்

சிஸ்டர் எஸ்தரிடம் சொன்னேன். "ரெண்டு மாசத்துலயா? என்னத்த ஊட்டறாங்க? எங்க வார்டுக்கும் கொஞ்சம் அனுப்பச் சொல்லு" என்று சிரித்தார். சிரித்துவிட்டு, "நல்லாக் கணக்குப் போட்டியா?" என்றார்.

"மண்டிக்கார வீட்டு மருமகள் சிஸ்டர்" என்றேன்.

23-4-62, திங்கள்

நான் 43. கீரை, முட்டை, பால். முட்டை நாறுகிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குகிறேன்.

6-5-62, ஞாயிறு

அவர் வரவில்லை. இது மூன்றாவது மாதம். பெஞ்சில் போய் உட்காராமல் பாவாடைக்கு நாடா கோத்தேன்.

14-5-62, திங்கள்

44.2. இன்னும் எண்ணூறு கிராம். இரண்டாவது சோதனையும் சுத்தம். ஜூன் கடைசியில் போய்விடலாம் என்றார் பெரிய டாக்டர். போகும்போது பாப்பாவுக்கு என்ன வாங்கிக்கொண்டு போவது? பதினாறு கிலோப் பிள்ளைக்கு எந்த அளவுப் பாவாடை சரியாக இருக்கும்? இதைத்தான் யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன். நல்ல யோசனை. அடிக்கடி யோசிக்கிறேன்.

18-5-62, வெள்ளி

லாரியில் வெல்லம் வந்தது. சானடோரியம் சமையற்கட்டுக்கு எங்கள் மண்டியில் இருந்து தர்மமாக அனுப்பியிருக்கிறார். சிப்பத்தின் மேல் சிட்டை. அவர் கையெழுத்து: "வெல்லம் 20." எனக்கு ஒரு கடிதமும் இருந்தது. நான்கே வரி. "பாப்பா எடை 11¾. ஓடியாடும் வயசு, கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். நீ எதற்கும் விசாரப்பட வேண்டாம். உடம்பைத் தேற்றிக்கொள்."

சமையல்கார மணியன் என்னைச் சமையற்கட்டு வாசலுக்குக் கூப்பிட்டு, சாட்சிக்கு நிற்கச் சொல்லி நிறுத்தார். இருபது கிலோ.

"கொறையுதுங்களே" என்றேன். "இருபது வீசைன்னா இருபத்தெட்டுக் கிலோ வரணும். எட்டுக் கிலோ எங்க போச்சு?"

"லாரிக்காரன் தின்னிருப்பானோ என்னமோ."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பல மாதங்களுக்குப் பிறகு வந்த கோபம். "எங்க மண்டியில எடை கொறைஞ்ச பேச்சே கெடையாது. உங்க தராச சரி பாருங்க" என்றேன்.

மணியன் சிட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல வீசைன்னு எங்கம்மா போட்டிருக்குது? வெறும் இருபதுதான இருக்குது. ஏப்ரல்ல இருந்து எல்லா மண்டியிலயும் வீசைக்கல்ல எடுத்துட்டு கிலோக்கல்லு வெச்சுட்டாங்களே. உங்க மண்டியில மட்டும் வெக்காம வுட்டுருவாங்களா? இருபதுன்னா இருபது கிலோ. சரியாத்தான் இருக்குது, எடுத்து வைங்க."

சரிதான் என்றேன். வந்து படுத்தேன்.

சாயங்காலம் ஏப்ரல் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். ஜனவரி கடிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஜனவரியில் 10 வீசை என்று எழுதியிருக்கிறது. ஏப்ரலில் 12. அவ்வளவுதான். சிட்டையில் இருக்கிற மாதிரியே.

12 கிலோ என்றால் எட்டரை வீசை.

11¾ கிலோ என்றால் எட்டே காலுக்கும் சற்று மேல்.

மூன்று தடவை போட்டேன். பெருக்கியும் போட்டேன். வகுத்தும் போட்டேன். எப்படிப் போட்டாலும் அதேதான் வருகிறது.

19-5-62, சனி

துணி துவைத்தேன். நகம் வெட்டினேன்.

பிப்ரவரியில் 14 கிலோ 350. இப்போது 11 கிலோ 750. இரண்டு கிலோ அறுநூறு இறங்கியிருக்கிறாள். இந்த வார்டில் இறங்குகிறவர்களை ஐந்து மாதமாகப் பார்க்கிறேன். பெரியவர்களுக்கு இரண்டரைக் கிலோ என்பது ஒரு கணக்கு. பதினான்கு கிலோவில் இரண்டரை என்பது வேறு கணக்கு.

அக்டோபர் வரை என் பக்கத்தில்தான் படுத்திருந்தாள். என் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் தூங்குவாள். என்னிடமிருந்துதான் போயிருக்கும்.

20-5-62, ஞாயிறு

அவருக்குக் கார்டு எழுதினேன். "பாப்பா எடை 12 என்று எழுதினீர்களே, வீசையா, கிலோவா?" கீழே கையெழுத்துப் போட்டேன். வேறொன்றும் எழுதவில்லை.

21-5-62, திங்கள்

43.6.

27-5-62, ஞாயிறு

பார்க்க விடுகிற நாள் இல்லை. ஆனாலும் வந்தார். சிஸ்டர் எஸ்தர் கால் மணி நேரம் அனுமதி கொடுத்தார். பெஞ்சில் உட்காராமல் நின்றார். சட்டைப்பையில் என் கார்டு மடித்தபடி தெரிந்தது.

"கிலோதான்" என்றார்.

நான் அந்தக் கார்டையே பார்த்தேன்.

"நான் பொய் எழுதல அம்மிணி. தராசு காட்டுனதத்தான் எழுதுனேன்."

இந்த வார்த்தை எனக்குத் தெரியும். ஜனவரி 22-ஆம் தேதிப் பக்கத்தில் நானே எழுதி வைத்திருக்கிறேன்.

அவர் சொல்லிக்கொண்டே போனார். மாசி மாதத்தில் இருந்து சாயங்காலமானால் பாப்பாவுக்கு மேல் சுடுகிறதாம். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதாம். அத்தை கசாயம் ஊற்றுகிறார்களாம். "உங்க டாக்டருதான் சொன்னாரு, விசாரப்பட்டா எடை எறங்கும், கெட்ட சேதி எதுவும் கொண்டாராதீங்கன்னு. நீ நல்லா ஏறிட்டு வந்த. நாப்பத்தஞ்சு ஆயிட்டா வீட்டுக்கு வந்துருவ, வந்து நீயே பாத்துக்குவன்னு நெனச்சேன். அப்பத்தான் கல்லு மாறிச்சு. பத்தேகாலுக்குப் பதிலா பன்னெண்டுன்னு காட்டுச்சு. சரி, இப்படியே எழுதுவோம்னு எழுதிட்டேன்."

"டாக்டருகிட்டக் காட்டுனீங்களா?"

"காட்டல. ஒரு வீட்டுல ரெண்டாவது ஆளுன்னு ஊருக்குத் தெரிஞ்சா..." என்று நிறுத்தினார். "அம்மாவும் வேண்டாம்னுட்டாங்க. சூடுதான், எறங்கிரும்னாங்க."

எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. சமையற்கட்டில் எட்டுக் கிலோ வெல்லத்துக்கு வந்த கோபம் இதற்கு வரவில்லை. அவருடைய செருப்பைப் பார்த்துக்கொண்டு மாராத்தாள் கதையைச் சொன்னேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இருபத்தஞ்சரை என்றது, முப்பத்தஞ்சு என்றது, பத்து ஏறியதென்று அவள் மகனை வரவேண்டாம் என்று அனுப்பியது, அவன் கிணற்று மண்ணோடு வந்து நின்றது எல்லாம்.

"அவ நல்லாச் சாப்பிடணும்னுதான் மாமா நானும் சொன்னேன். அவ நல்லாச் சாப்பிட்டா. சாப்பிட்டும் செத்துப்போனா. அவ புள்ளைக்குக் கடைசியா உசுரோட மூஞ்சியக் கூடப் பாக்கக் கெடைக்கல. நான் நெசத்தச் சொல்லியிருந்தா அவன் வந்திருப்பான்."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொழந்தைக்கு இங்க ஊசி இருக்குது, மருந்து இருக்குது. பக்கத்துக் கட்டடத்துலயே கொழந்தைக வார்டு இருக்குது. கூட்டிட்டு வாங்க. ஊரு என்ன வேணாலும் பேசிக்கட்டும்."

"அம்மாகிட்ட..." என்றார்.

"ரெண்டரக் கிலோ எறங்குனவங்க என்ன ஆவாங்கன்னு எனக்குத் தெரியும். வாராவாரம் நான்தான் எடை போடறேன்."

மணியடித்தது. நடந்தார். கேட் வரைக்கும் போனவர் அங்கேயே சற்று நேரம் நின்றார். பிறகு திரும்பி வந்தார். வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம், நான்கு முழ இடைவெளியைத் தாண்டி, என் பக்கத்திலேயே வந்து நின்றார்.

"பஸ்ஸுல கூட்டிட்டு வரலாமா, காரு புடிக்கணுமா?" என்று கேட்டார்.

"காரு" என்றேன்.

28-5-62, திங்கள்

43.1. பெரிய டாக்டர் அட்டையைப் பார்த்து, என்ன ஆச்சு என்று கேட்டார். சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

ராக்கியப்பனுக்குக் கடிதம் எழுதினேன். அவன் அம்மாவின் எடையை ஒவ்வொரு திங்கட்கிழமையும் கிலோவில் என்னவென்று அட்டையைப் பார்த்து வரிசையாக எழுதினேன். 35.6 முதல் 32.9 வரை. ஏறியதாக அவர்களை நம்பவைத்தது நான்தான் என்று கடைசியில் எழுதினேன். மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. எப்படிக் கேட்பது? விலாசம் அலுவலகத்தில் கேட்டு வாங்கித் தபாலில் போட்டேன்.

30-5-62, புதன்

வந்தாள்.

காரில் இருந்து அவர் தூக்கி இறக்கினார். தலை பெரிதாகத் தெரிந்தது. கை இரண்டும் குச்சியாக இருந்தன. என்னைப் பார்த்தாள், அப்பாவின் வேட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். எட்டு மாதம் ஆகிவிட்டது. நான் கிட்டப் போகவில்லை. அழுகை வந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

சேர்ப்பதற்கு முன் எடை போட வேண்டும். வேறு யாரையாவது போடச் சொல்லட்டுமா என்று சிஸ்டர் எஸ்தர் கேட்டார். நானே போடுகிறேன் என்றேன்.

தராசைப் பார்த்ததும் பாப்பாவுக்குப் பயம் போய்விட்டது. அப்பாவின் வேட்டியை விட்டுவிட்டுத் தானாகவே ஏறினாள். ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"நிக்கோணும் கண்ணு" என்றேன்.

"எங்கூட்டுல உக்காரத்தான் சொல்லுவாங்க" என்றாள். என்னோடு பேசிய முதல் பேச்சு அதுதான்.

உட்கார்ந்தபடியே போட்டேன். 11.2. போன கடிதத்துக்குப் பிறகு இன்னும் அரைக் கிலோ.

அட்டையில் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தினால், இறங்காமல் அங்கேயே உட்கார்ந்து கையை நீட்டிக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சமையற்கட்டுக்கு ஓடினேன். ஓடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், ஓடினேன். மணியன் சிப்பத்தில் இருந்து ஒரு துண்டு உடைத்துக் கொடுத்தார்.

1-6-62, வெள்ளி

படம் எடுத்துப் பார்த்துவிட்டார்கள். நெஞ்சுக்கூட்டில் நெறி. ஒரு பக்க நுரையீரலிலும் நோய் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. "இன்னும் ரெண்டு மாசம் வீட்டுல வெச்சிருந்தா நான் எதுவும் சொல்லியிருக்க முடியாது" என்றார் பெரிய டாக்டர். இப்போது என்ன சொல்ல முடியும் என்று கேட்டேன். "ஊசி போடறோம். திங்கக்கெழம எடை போடு" என்றார்.

4-6-62, திங்கள்

பாப்பா 11.1. நான் 43.

11-6-62, திங்கள்

பாப்பா 11.1. ஊசிக்கு அழுது வார்டையே எழுப்பிவிடுகிறாள். ஜன்னல் வழியாகக் கேட்கிறது. அழத் தெம்பு இருக்கிறதே என்றார் சிஸ்டர்.

25-6-62, திங்கள்

பாப்பா 11.3. இருநூறு கிராம். மூன்று தடவை இறக்கி ஏற்றிப் பார்த்தேன், இருநூறுதான். அவள் மூன்று தடவையும் வெல்லம் கேட்டாள்.

நான் 44.4.

2-7-62, திங்கள்

நான் 45.1. மூன்றாவது சோதனையும் சுத்தம். வீட்டுக்குப் போகலாம் என்று பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டார். ஜனவரியில் இந்த எண்ணுக்காகத்தான் மூக்கைப் பிடித்துக்கொண்டு முட்டை விழுங்கினேன்.

பாப்பா தேறும் வரை இங்கேயே எடை போட்டுக்கொண்டு, குழந்தைகள் வார்டில் ஒத்தாசைக்கு இருக்கட்டுமா என்று கேட்டேன். சம்பளம் கிடையாது, சாப்பாடு உண்டு என்றார். சரி என்றேன். ஆறாம் கட்டிலைக் காலி செய்து கொடுத்தேன்.

9-7-62, திங்கள்

பாப்பா 11.5. ராக்கியப்பனிடமிருந்து பதில் இல்லை. வரும் என்று நினைக்கவும் இல்லை. ஆனாலும் தபால்காரர் வரும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிறேன்.

16-7-62, திங்கள்

பாப்பா 11.7. சாயங்காலச் சூடு நான்கு நாளாக இல்லை. தலைவாரிவிடும்போது என் மடியில் தூங்கிவிட்டாள். கால் மரத்துப்போகும் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

23-7-62, திங்கள்

காலை ஏழு மணி. எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றாள். இப்போதெல்லாம் நின்றுகொண்டே எடை போடப் பழகிவிட்டாள். முள் ஆடி நின்றது. குனிந்து பார்த்தேன். மறுபடி பார்த்தேன்.

"எத்தன?" என்றாள்.

"பன்னெண்டு."

"பன்னெண்டுன்னா நெறையவா, கொஞ்சமா?"

"நீ வந்தப்ப இருந்தத விட நெறைய. இன்னும் வேணும்" என்றேன்.

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. சத்தமாகவே வந்தது. வரிசையில் நின்ற பிள்ளைகள் பயந்துபோய்ப் பார்த்தார்கள். சிஸ்டர் எஸ்தர் ஓடிவந்து அட்டையை வாங்கிப் பார்த்தார், பார்த்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார். பாப்பா இதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. தராசை விட்டு இறங்காமல் கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

பத்து மணித் தபாலில் அவருக்குக் கார்டு போட்டேன். ஒரே வரி.

பாப்பா எடை 12 கிலோ.